.22 கிட் போட்ட ரைஃபிள் மக்கர் செய்தால்: எங்கே பார்ப்பது, எப்போது நிறுத்துவது

ஏ.ஆர்-15 வகை ரைஃபிளின் போல்ட் கேரியரை (முன்னும் பின்னும் ஓடித் தோட்டாவை ஏற்றும் பாகம்) வெளியே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சின்ன .22 எல்.ஆர். (லாங் ரைஃபிள்) தோட்டாவைச் சுட வைக்கும் கன்வெர்ஷன் கிட்டைப் போட்டுச் சுடுபவர்கள் என்னிடம் கொண்டுவரும் புகார் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: "கிட் சரியில்லை, வேறு எது வாங்கலாம்?" சுடுதளத்தில் இந்த ஜாம்களை எடுத்துக்கொடுப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். கிட் உண்மையிலேயே கெட்டுப்போயிருந்த தடவைகள் குறைவு. தோட்டாவை மாற்றியதும், மேகசினை மாற்றியதும், கொஞ்சம் எண்ணெய் விட்டதும் சரியான தடவைகள்தான் அதிகம். அதனால் கீழே எந்த அறிகுறியை எடுத்துக்கொண்டாலும் ஒரே வரிசையில்தான் போகப்போகிறேன். முதலில் தோட்டா, அப்புறம் மேகசின், அப்புறம் அழுக்கு, அப்புறம் கிட்டின் சின்ன பாகங்கள், கடைசியில் ரைஃபிள். செலவும் அதே வரிசையில்தான் ஏறும்.

எல்லா அறிகுறிக்கும் பொதுவான ஒரு வேண்டுகோள்: சிக்கியதை உடனே உருவி எறியாதீர்கள். குழல் இலக்கைப் பார்த்தபடியே இருக்கட்டும், விரல் டிரிகரை விட்டு வெளியே வரட்டும், சேஃப்டி போகிற நிலையில் இருந்தால் போடுங்கள். பிறகு மேகசினைக் கழற்றிவிட்டு, கேஸ் (சுட்ட தோட்டாவின் உலோக உறை) வெளியேறும் ஜன்னல் வழியாக என்ன எங்கே நிற்கிறது என்று பாருங்கள். தோட்டாவின் மூக்கு எதில் இடித்திருக்கிறது, காலிக் கேஸ் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதிலேயே பாதி பதில் இருக்கிறது. போனில் ஒரு படம் எடுத்துவைத்தால் இன்னும் நல்லது. கண்ணாடியும் காதடைப்பும் இல்லாமல் இதில் எதையும் செய்ய வேண்டாம்.

## சுடும் முன்பே: இந்தக் குழலில் இந்தக் கிட் போடலாமா?

இதை முதலில் பார்த்துவிடுங்கள். குழலின் மேல் பொறித்திருப்பதைப் படியுங்கள். 5.56, .223, .223 வைல்ட் என்று இந்த ரைஃபிளின் வழக்கமான தோட்டா அளவுகளில் ஒன்று இருந்தால் சரி. .300 பிளாக்அவுட் என்று இருந்தால் கிட்டைத் திரும்பப் பெட்டியில் வையுங்கள். அந்த ரைஃபிளின் போல்ட்டும் மேகசினும் 5.56 ரைஃபிளில் இருப்பவைதான். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் குழலின் துளை .30 அளவு. .22 குண்டு அதில் பிடிமானமே இல்லாமல் உருண்டு போகும்.

தோட்டாப் பெட்டியிலும் .22 எல்.ஆர். என்றே இருக்க வேண்டும். .22 மேக்னம் வேறு தோட்டா, அதன் உடல் பருமனே வேறு.

## சுட்டது, ஆனால் அடுத்த தோட்டா ஏறவில்லை

இந்தப் புகாருக்குள் இரண்டு வேறு கோளாறுகள் இருக்கின்றன. ஜன்னல் வழியாகப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

### சேம்பர் காலி, போல்ட் மூடியிருக்கிறது

தோட்டா வெடிக்கும் அறையான சேம்பரில் எதுவும் இல்லை. காலிக் கேஸ் வெளியே விழுந்திருக்கிறது, ஆனால் போல்ட் அடுத்த தோட்டாவுக்குப் பின்னால் போகும் அளவுக்குப் பின்வாங்கவில்லை. தரையைப் பாருங்கள். கேஸ்கள் எட்டிப் போய் விழாமல் உங்கள் காலடியிலேயே விழுந்துகிடந்தால் சந்தேகமே வேண்டாம், போல்ட் பாதி வழியில் திரும்பியிருக்கிறது.

முதல் காரணம் தோட்டா. இந்தக் கிட்கள் புளோபேக் முறையில் இயங்குபவை. கேஸ் பின்னால் உதைக்கும் வேகத்திலேயே போல்ட் நகர வேண்டும். பெட்டியில் ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி என்று இருக்கும் தோட்டாவின் வேகம் வினாடிக்கு 1070 அடி அளவில் இருக்கும். ஹை வெலாசிட்டி 1200-க்கு மேல் போகும். எடுத்துக்காட்டாக, சி.சி.ஐ. நிறுவனத்தின் மினி-மேக் 40 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) தோட்டாவுக்குப் பெட்டியில் போட்டிருப்பது 1235 அடி, அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 376 மீட்டர். கையால் போல்ட்டை இழுத்துச் சுடும் ரைஃபிளுக்கென்று வாங்கிய அமைதியான சப்சானிக் (ஒலியைவிட மெதுவான) தோட்டாவைக் கிட்டில் போட்டுவிட்டு ஓடவில்லை என்று சொல்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். செம்பு முலாம் பூசிய 40 கிரெய்ன் ஹை வெலாசிட்டி தோட்டா ஒரு பெட்டி வாங்கி, 50 சுட்டுப் பாருங்கள். அதில் ஓடினால் கிட்டில் குறையில்லை.

ஓடவில்லையா? எண்ணெய். புதுக் கிட் தொழிற்சாலையிலிருந்து வரும்போது பூசியிருப்பது துருப் பிடிக்காமல் இருக்கத்தான். போல்ட் வழுக்கி ஓடும் தண்டவாளங்களில் விரலால் தொட்டால் ஈரம் ஒட்ட வேண்டும், அந்த அளவுக்கு எண்ணெய் விடுங்கள். .22 வெடிமருந்தும் குண்டின் மேல் இருக்கும் மெழுகும் சேர்ந்து நிறைய அழுக்கு உண்டாக்கும். காய்ந்த உலோகத்தில் அந்த அழுக்கு பசை மாதிரி பிடித்துக்கொள்ளும். குளிர் அதிகமான நாளில் கெட்டியான எண்ணெயே போல்ட்டைப் பிடித்து இழுக்கும், அப்போது மெல்லிய எண்ணெய்க்கு மாறுங்கள்.

புதுக் கிட்டின் ஸ்பிரிங்கும் இறுக்கமாகத்தான் இருக்கும். முதல் சில நூறு தோட்டாக்கள் வரை ஹை வெலாசிட்டி மட்டும் சுட்டுப் பழக்குங்கள். நானாக இருந்தால் ஸ்பிரிங்கை வெட்ட மாட்டேன். யாராவது வெட்டச் சொன்னாலும் வெட்டாதீர்கள். புளோபேக்கில் சேம்பரை மூடி வைத்திருப்பது போல்ட்டின் எடையும் அந்த ஸ்பிரிங்கும்தான், வேறு பூட்டு கிடையாது.

இத்தனைக்கும் பிறகு அப்படியே இருந்தால் ரைஃபிளைக் காலிசெய்து, மேகசின் இல்லாமல், போல்ட்டைக் கையால் இழுக்கும் சார்ஜிங் ஹேண்டிலை மெதுவாக இழுத்துப் பாருங்கள். எங்கேயாவது உரசி நிற்கிறதா? கிட்டின் பின்முனை ஸ்டாக்குக்குள் (தோளில் வைக்கும் பின்பகுதி) உதையைத் தாங்க இருக்கும் பஃபரோடு ஒட்டி நிற்க வேண்டும். நடுவில் இடைவெளி இருந்தால் ஒவ்வொரு சூட்டிலும் கிட் முழுவதுமே முன்னும் பின்னும் ஆடும், வேகம் அங்கேயே செலவாகிவிடும். இது கிட்டுக்கும் ரைஃபிளுக்கும் அளவு பொருந்தாத விஷயம். இங்கே அரத்தைக் கையில் எடுக்காமல் துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித்திடம் போவது நல்லது.

### தோட்டா பாதியில் மூக்கை இடித்து நிற்கிறது

தோட்டாவை எடுத்து அதன் மூக்கைப் பாருங்கள். கீழ்ப்பக்கம் பிறை நிலா மாதிரி ஒரு வெட்டு இருந்தால், அது கிட்டின் முன்பகுதியில் .22 சேம்பராக இருக்கும் அடாப்டரின் கீழ் விளிம்பில் இடித்திருக்கிறது. தோட்டா தாழ்வாக வந்திருக்கிறது என்று அர்த்தம். மேகசின்தான் காரணம்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. உங்கள் மேகசின்கள் எல்லாவற்றின் அடியிலும் 1, 2, 3 என்று எண் எழுதுங்கள். ஜாம் ஆகும்போதெல்லாம் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் முதலில் இதைச் செய்யாமல் ஒரு கிட்டை மூன்று வாரம் கழற்றிக் கழற்றிப் பூட்டினேன். எண் போட்ட அன்று மாலையே தெரிந்துவிட்டது, ஐந்து மேகசினில் நான்காவது மட்டும்தான் சிக்க வைக்கிறது. தோட்டாவைப் பிடித்து வைக்கும் அதன் பிளாஸ்டிக் உதடு ஒரு பக்கம் விரிந்திருந்தது. பக்கத்தில் நல்ல மேகசினை வைத்துப் பார்த்தால்தான் கண்ணுக்கே தெரியும்.

எல்லா மேகசினிலும் ஒரே மாதிரி இடித்தால், மேகசின், அதைச் செருகும் கிணற்றில் தாழ்வாகத் தொங்குகிறதா என்று பாருங்கள். சுடுதளத்தில், குழல் இலக்கை நோக்கியபடி, மேகசினின் அடியை உள்ளங்கையால் லேசாக மேலே தாங்கிக்கொண்டு ஐந்து தோட்டா சுடுங்கள். அப்போது மட்டும் ஒழுங்காக ஏறினால், மேகசினைப் பிடித்து நிறுத்தும் கேட்ச் ஒரு சுற்று சரிசெய்ய வேண்டியிருக்கலாம். பட்டனை உள்ளே அமுக்கி, எதிர்ப்பக்கம் வெளியே வரும் கேட்ச்சைத் திருப்பினால் போதும். ஒரு சுற்றுக்கு மேல் திருப்பும் முன் உங்கள் 5.56 மேகசினும் ஒழுங்காக மாட்டுகிறதா, பட்டனை அமுக்கினால் தானாக விழுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு தோட்டா ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டு அசையாமல் நின்றால் அது விளிம்புப் பூட்டு. .22 தோட்டாவின் பின்னால் விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். மேலே இருக்கும் தோட்டாவின் விளிம்பு கீழே இருப்பதன் விளிம்புக்குப் பின்னால் மாட்டிவிட்டால் மேல் தோட்டா முன்னால் நகராது. நிரப்பும்போது ஒவ்வொரு தோட்டாவையும் பின்சுவர் வரை தள்ளி, மேல் விளிம்பு கீழ் விளிம்புக்கு முன்னால் இருக்கும்படி அடுக்குங்கள். நிரப்பி முடித்ததும் மேகசினின் முதுகை உள்ளங்கையில் இரண்டு தட்டு. அவ்வளவுதான்.

குழி மூக்குத் தோட்டா சுட்டுக்கொண்டிருந்தால் உருண்டை மூக்குக்கு மாறிப் பாருங்கள். முலாம் இல்லாத மென்மையான ஈயக் குண்டும் அடாப்டர் விளிம்பில் எளிதாக மாட்டும்.

## காலிக் கேஸ் வெளியே வரவில்லை

### கேஸ் சேம்பருக்குள்ளேயே இருக்கிறது

முதல் சந்தேகம் சேம்பர் அழுக்கு. கிட்டின் முன்பகுதியில் .223 கேஸ் வடிவத்தில் ஓர் உலோகத் துண்டு இருக்கிறதே, அதற்குள்தான் .22-இன் சேம்பர் இருக்கிறது. மெழுகும் கரியும் சேர்ந்து அதன் சுவரில் வளையமாகப் படியும்.

சோதனை சுலபம், செலவில்லாதது. கிட்டை ரைஃபிளிலிருந்து முழுவதும் வெளியே எடுத்து, அடாப்டரைத் தனியாகக் கழற்றுங்கள். போல்ட் அருகிலேயே இருக்கக் கூடாது. சுடுதளத்தில் கிடந்த காலிக் கேஸ் வேண்டாம், அது ஏற்கெனவே உப்பியிருக்கும். ஒரு புதுத் தோட்டாவை விரலால் அடாப்டருக்குள் விடுங்கள். விளிம்பு வரை தானாகவே இறங்க வேண்டும், கவிழ்த்தால் தானாகவே விழ வேண்டும். அமுக்கித் தள்ள வேண்டியிருந்தால் சேம்பர் அழுக்கு. கரைப்பானை விட்டுக் கால் மணி நேரம் ஊறவைத்து, .22 அளவு வெண்கல பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்துவிட்டு மறுபடி அதே தோட்டாவை விட்டுப் பாருங்கள். இரும்பு ஊசியால் சுரண்டவே கூடாது. கீறல் விழுந்த சேம்பர் அதற்குப் பிறகு எந்தக் கேஸையும் எளிதில் விடாது.

சேம்பர் சுத்தமாக இருந்தும் கேஸ் நின்றுவிட்டால் எக்ஸ்டிராக்டரைப் பாருங்கள். அந்தச் சின்னக் கொக்கியின் அடியில் கரி கெட்டிப்பட்டு அடைத்திருக்கும். பல் குத்தும் குச்சியால் கிளறினால் கருப்பு மாவு மாதிரி கொட்டும். முனை மழுங்கியிருந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ மாற்ற வேண்டும். இது பெரிய செலவில்லை, ஆனால் அந்தப் பாகம் தனியாகக் கிடைக்கும் கிட்டாக இருக்க வேண்டும்.

### கேஸ் ஜன்னலில் செங்குத்தாக நிற்கிறது

கேஸ் சேம்பரை விட்டு வந்துவிட்டது, ஆனால் வெளியே எட்டிப் போகவில்லை. வேகம் குறைந்த தோட்டா, காய்ந்த போல்ட் என்று மேலே சொன்ன அதே காரணங்களை முதலில் பாருங்கள். அவை இல்லையென்றால், கேஸை வெளியே தட்டிவிடும் எஜெக்டர். வளைந்திருக்கிறதா, போல்ட்டின் பள்ளத்தில் நடுவாக ஓடுகிறதா என்று பாருங்கள். எஜெக்டரை இடுக்கியால் வளைத்துச் சரிசெய்ய முயன்று உடைத்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு. வளைந்திருந்தால் புதியது போடுங்கள்.

## டிரிகரை அமுக்கினால் 'டக்' மட்டும்

முதலில் காத்திருங்கள். குழலை இலக்கிலிருந்து திருப்பாமல் 30 வினாடி. மருந்து தாமதமாகப் பற்றிக்கொள்ளும் வாய்ப்பு அரிது, ஆனாலும் உண்டு. பிறகு மேகசினைக் கழற்றி, தோட்டாவை வெளியே எடுத்து, அதன் விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

ரிம்ஃபயர் தோட்டாவில் பற்றவைக்கும் கலவை பின்பக்க விளிம்புக்குள் இருக்கிறது. ஃபயரிங் பின் விளிம்பை நசுக்கினால்தான் அது பற்றும். அந்தத் தழும்பு எப்படி இருக்கிறது என்பதுதான் இங்கே எல்லாமே.

ஆழமான, தெளிவான தழும்பு. துப்பாக்கி தன் வேலையைச் செய்துவிட்டது, தோட்டா வேலை செய்யவில்லை. விளிம்பின் அந்த இடத்தில் கலவை பரவாமல் இருந்திருக்கும். அரைச் சுற்று திருப்பி மறுபடி போட்டால் பெரும்பாலும் வெடித்துவிடும். ஒரு பெட்டியில் அடிக்கடி இப்படி வந்தால் பெட்டியை மாற்றுங்கள். மொத்தமாக விற்கும் மலிவுத் தோட்டாவில் இது கொஞ்சம் அதிகமாக வருவது இயல்பு.

லேசான தழும்பு. போல்ட் முழுவதும் மூடாமல் இருந்திருக்கலாம். ஃபயரிங் பின்னை அடிக்கும் சுத்தியலின் அடியில் பாதி, போல்ட்டை முன்னால் தள்ளுவதிலேயே போய்விடும். சார்ஜிங் ஹேண்டிலைக் கையோடு மெதுவாகக் கொண்டுபோய் விடுகிறீர்களா? முழுவதும் இழுத்து, கையை எடுத்துவிடுங்கள். ஸ்பிரிங் தன் வேகத்தில் அடித்து மூடட்டும். பெரும்பாலான கிட்களில் ஃபார்வர்ட் அசிஸ்ட் (போல்ட்டை முன்னால் தள்ளும் பட்டன்) பிடிப்பதற்கான பற்களே இருக்காது, அதனால் அந்தப் பட்டனைக் குத்திப் பயனில்லை.

மூடுவதில் குறையில்லையென்றால் ஃபயரிங் பின் ஓடும் பள்ளத்தைச் சுத்தம் செய்யுங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் ஒரு கேள்வி: டிரிகரை மென்மையாக்கக் குறைந்த பலமுள்ள சுத்தியல் ஸ்பிரிங் போட்டிருக்கிறீர்களா? 5.56-இல் பிரச்சினையில்லாமல் ஓடும் அந்த ஸ்பிரிங் .22 விளிம்பை நசுக்கப் போதாமல் போவதை அடிக்கடி பார்க்கிறேன். வழக்கமான ஸ்பிரிங்கைத் திரும்பப் போட்டுப் பாருங்கள்.

தழும்பே இல்லை. ஃபயரிங் பின் உடைந்திருக்கலாம். கிட்டைப் பிரித்துப் பாருங்கள், உடைந்திருந்தால் புதுப் பின் போடும்வரை சுடாதீர்கள்.

ஒரு விஷயம் சேர்த்துச் சொல்ல வேண்டும். காலி சேம்பரில் டிரிகரை அமுக்கிப் பழகாதீர்கள். ரிம்ஃபயரில் பின்னின் முனை சேம்பரின் விளிம்பிலேயே போய் அடிக்கக்கூடும், அங்கே உலோகம் பிதுங்கும். அந்தப் பிதுக்கம்தான் பின்னால் தோட்டா முழுவதும் இறங்காமல் செய்யும். பழக வேண்டும் என்றால் சுவரில் ஸ்குரூ இறக்கும் மஞ்சள் பிளாஸ்டிக் பிளக் இருக்கிறதே, நான்கு முதல் ஆறாம் எண் ஸ்குரூவுக்கானது, அது .22 சேம்பரில் சரியாகப் பொருந்தும். சில அடிகளுக்கு ஒருமுறை அதைத் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

## சத்தம் வழக்கத்தைவிடச் சின்னதாக வந்தது

நிறுத்துங்கள். அடுத்த தோட்டாவை ஏற்றாதீர்கள், இலக்கில் ஓட்டை விழுந்ததா என்று தேடிக்கொண்டும் நிற்காதீர்கள். குண்டு குழலுக்குள் நின்றிருக்கலாம். அதன் பின்னால் இன்னொன்று போனால் குழல் உப்பும், பிளக்கவும் செய்யலாம்.

ரைஃபிளைக் காலிசெய்து, கிட்டை வெளியே எடுத்து, பின்பக்கத்திலிருந்து குழல் வழியாக வெளிச்சத்தைப் பாருங்கள். வெளிச்சம் தெரியவில்லையென்றால் குண்டு உள்ளேதான் இருக்கிறது. பித்தளைக் கம்பியால் தட்டி எடுக்கலாம் என்று சொல்வார்கள். முன்பு செய்து பழக்கமில்லை என்றால் கன்ஸ்மித்திடம் கொடுங்கள், அங்கே சில நிமிட வேலை. கம்பியை உள்ளே வளைத்து மாட்டிக்கொண்டால் குழலே போய்விடும்.

## கேஸ் வெடித்திருக்கிறது அல்லது உப்பியிருக்கிறது

சுட்ட கேஸ்களை ஒரு கைப்பிடி எடுத்து விளிம்புக்கு மேலே விரலால் உருட்டிப் பாருங்கள். நல்ல கேஸ் மழமழவென்று இருக்கும். ஒருமுறை இளைஞர் ஒருவர் கொண்டுவந்த கேஸில் விளிம்பை ஒட்டி மிளகு அளவுக்கு ஒரு புடைப்பு, அதன் நடுவில் முடி மாதிரி ஒரு பிளவு. அவர் கன்னத்தில் கரிப் பொட்டுகள். கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. போல்ட் முழுவதும் மூடும் முன்பே தோட்டா வெடித்திருக்கிறது, சுவர் தாங்காத இடத்தில் கேஸ் கிழிந்திருக்கிறது.

ஒரே ஒரு கேஸ் இப்படி வந்தாலும் அன்றைக்குச் சுடுவதை நிறுத்திவிடுங்கள். வீட்டில் நீங்கள் பார்க்கக்கூடியவை மூன்று. சேம்பர் அழுக்கால் தோட்டா முழுவதும் இறங்காமல் நிற்கிறதா? ஃபயரிங் பின் அழுக்கில் மாட்டி முனை வெளியே நீட்டிக்கொண்டே நிற்கிறதா? போல்ட் முகத்தில் கரி அடைத்திருக்கிறதா? மூன்றும் சுத்தமாக இருந்தும் அடுத்த முறையும் வந்தால் கிட் கன்ஸ்மித்திடம் போக வேண்டும்.

## ஒரு தடவை அமுக்கினால் இரண்டு வெடிக்கிறது

இதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது. மேகசினைக் கழற்றி, காலிசெய்து, பெட்டியில் வைத்து, கன்ஸ்மித்திடம் கொண்டுபோங்கள். ஃபயரிங் பின் முன்னால் நீண்டபடி மாட்டிக்கொண்டிருக்கலாம், டிரிகர் பாகங்கள் தேய்ந்திருக்கலாம். எதுவாக இருந்தாலும் இன்னொரு தோட்டா போட்டுச் சோதித்துப் பார்க்கும் விஷயமல்ல. சட்டமும் பல நாடுகளில் இதைச் சும்மா விடாது.

## குறி சிதறுகிறது

கொஞ்சம் சிதறத்தான் செய்யும். .22 எல்.ஆர். குண்டுக்கென்று செய்த குழலில், குண்டைச் சுழல வைக்கும் உள்முறுக்கு 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 5.56 குழலில் இப்போது 7 முதல் 9 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பதுதான் வழக்கம். மென்மையான ஈயக் குண்டு அதில் தேவைக்கு மேல் சுழல்கிறது. அதோடு அடாப்டரிலிருந்து கிளம்பி, குழலின் முறுக்கைப் பிடிக்கும் வரை கொஞ்ச தூரம் சும்மா தாண்டுகிறது. 50 மீட்டரில் ஒரு டீ தட்டு அளவுக்குள் எல்லாம் விழுந்தால் கிட் நன்றாகவே சுடுகிறது.

இடம் மாறி விழுகிறது என்றால் அது சிதறல் அல்ல. 5.56-க்குச் சரிசெய்த ஸ்கோப் .22-க்குப் பொருந்தாது. 50 மீட்டரில் மறுபடி சரிசெய்து, எத்தனை கிளிக் நகர்த்தினீர்கள் என்று எழுதிவையுங்கள். 100 மீட்டருக்குப் போனால் குண்டு அரை அடி வரை, தோட்டாவைப் பொறுத்து அதற்கு மேலும் இறங்கும்.

தோட்டாவை மாற்றிய பிறகு முதல் 10, 20 சூடு அலைவது இயல்பு, அதற்குள் முடிவுக்கு வராதீர்கள். மூன்று நான்கு வகைத் தோட்டாவைப் போட்டுப் பாருங்கள், ஒரே ரைஃபிளில் வியக்கும் அளவுக்கு வித்தியாசம் காட்டும். முன்பு நன்றாகச் சுட்டது இப்போது விரிகிறது என்றால் அடாப்டருக்கு முன்னால், குழல் தொடங்கும் இடத்தில் ஈயம் படிந்திருக்கும். அதைத் தேய்த்து எடுங்கள். காகித இலக்கில் வட்ட ஓட்டைக்குப் பதில் குண்டு படுத்துப் போன மாதிரி நீள ஓட்டை விழுந்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு, முதலில் சொன்ன குழல் பொறிப்பைத் திரும்பப் படியுங்கள்.

## கடைசித் தோட்டா முடிந்ததும் போல்ட் திறந்து நிற்கவில்லை

இது பழுதல்ல. பழைய வடிவமைப்புக் கிட்கள் பலவற்றில் அந்த வசதியே கிடையாது. அமெரிக்க ராணுவம் எம்-16 பயிற்சிக்கு வைத்திருந்த எம்-261 கிட்டிலும் 10 தோட்டா பிடிக்கும் உள்மேகசினை வழக்கமான மேகசினுக்குள் செருகிச் சுடுவார்கள், முடிந்ததும் போல்ட் மூடிக்கொள்ளும். போல்ட் மூடியிருப்பதை வைத்துத் தோட்டா இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு முறையும் திறந்து கண்ணால் பாருங்கள். இதற்கென்று தனி மேகசினும் துணைப் பாகமும் சில கிட்களுக்குக் கிடைக்கும்.

## 5.56-க்குத் திரும்பினேன், இப்போது அது சிக்குகிறது

.22 சுடும்போது குழலில் இருக்கும் வாயுத் துளை (5.56-இல் போல்ட்டை இயக்கும் வாயு போகும் வழி) திறந்தேதான் இருக்கிறது. ஈயமும் கரியும் அதற்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். அதனால் ஒவ்வொரு முறையும் மாறும் முன் குழலையும் .223 சேம்பரையும் சுத்தம் செய்யுங்கள். சேம்பரில் அடாப்டரைச் சுற்றிக் கரி வளையம் விழுந்திருக்கும், அதை விட்டுவிட்டு 5.56 போட்டால் கேஸ் பிடித்துக்கொள்ளும். சுத்தம் செய்த பிறகு முதல் சில 5.56 சூட்டிலேயே வாயுக் குழாய் பெரும்பாலும் தன்னைத் தானே ஊதிச் சரிசெய்துகொள்ளும். நீண்ட நாள் .22 மட்டுமே சுட்டு, அதற்குப் பிறகு 5.56-இல் போல்ட் பின்வாங்கவே இல்லை என்றால் துளை அடைத்திருக்கிறது. ட்ரில்லை உள்ளே விட்டுக் குடைய வேண்டாம். துளையின் அளவு கூடிவிட்டால் திரும்பக் குறைக்க முடியாது. கன்ஸ்மித்.

சுத்தம் செய்து முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இந்த அழுக்கில் ஈயம் இருக்கிறது. சாப்பிடும் மேசையில் துடைக்காதீர்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் துடைத்த துணியை வெளியே விட்டுவைக்காதீர்கள்.

## எல்லாம் பார்த்தாயிற்று, வேறு கிட் வாங்கலாமா?

இங்கேதான் செலவு ஏறுகிறது. கிட்டை மாற்றும் முன் மேகசினை மாற்றிப் பாருங்கள். உங்கள் கிட்டுக்கென்று செய்ததா, வேறு வடிவமைப்புக்கானதா என்று பாருங்கள். வெளியே ஒரே மாதிரி தெரிந்தாலும் எல்லா மேகசினும் எல்லாக் கிட்டுக்கும் பொருந்தாது.

அதற்கும் மேல் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் நான் கேட்கும் கேள்விகள் இவை: எக்ஸ்டிராக்டர், ஃபயரிங் பின், ஸ்பிரிங் மூன்றும் தனியாக விற்கிறார்களா? மேகசின் எளிதில் கிடைக்கிறதா? அடாப்டர் கழற்றிச் சுத்தம் செய்ய முடிகிறதா? இந்த மூன்றுக்கும் ஆம் என்று பதில் வந்தால் போதும், பளபளப்பைப் பார்க்காதீர்கள். அடாப்டர் இல்லாத கிட்டும் விற்கிறார்கள், அது .22 குழலுக்கு மட்டுமானது. பெட்டியைப் பார்க்காமல் அதை வாங்கிக்கொண்டு வந்து 5.56 குழலில் போட முயன்றவர்கள் உண்டு.

வாரம் தவறாமல் .22 சுடுபவராக இருந்தால், குறியும் முக்கியம் என்றால், கிட்டுக்குப் பதில் 16 அங்குல முறுக்குக் குழலோடு வரும் தனி மேல்பாகம் வாங்குங்கள். இரண்டு பின்னைத் தள்ளினால் மாற்றிவிடலாம், ஸ்கோப்பையும் திரும்பத் திரும்பச் சரிசெய்ய வேண்டாம், 5.56 குழலின் வாயுத் துளையும் அடைக்காது. மாதம் ஒருமுறை பயிற்சிக்கு மட்டும் என்றால் கிட் போதும். வாங்கும் முன் உங்கள் நாட்டில் மேல்பாகத்துக்கோ கிட்டுக்கோ தனி அனுமதி வேண்டுமா என்று உரிமம் கொடுத்த அலுவலகத்திலேயே கேட்டுவிடுங்கள்.

கன்ஸ்மித்திடம் போகும் நாளில் கிட்டை மட்டும் கொண்டுபோகாதீர்கள். ரைஃபிள் காலியாக, பெட்டியில். எண் போட்ட மேகசின்கள் எல்லாம். நீங்கள் சுடும் தோட்டாவின் பெட்டி. சிக்கிய தோட்டா, தழும்பு விழுந்த தோட்டா, உப்பிய கேஸ் எது இருந்தாலும் ஒரு சின்னப் பையில் போட்டு, எந்த மேகசின், எத்தனையாவது சூடு என்று எழுதிக் கையில் கொடுங்கள். அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.